கல்லீரலுக்குள் ஒரு தேனடை

இரண்டு வாரமாகக் காய்ச்சல் விட்டபாடில்லை. வலது விலாவுக்குக் கீழே வலி, கூடவே சர்க்கரை நோய். ஸ்கேன் எடுத்தால் கல்லீரலில் சீழ்க்கட்டி. நம் ஊர்களில் இதற்கு முதலில் சந்தேகப்படுவது அமீபாவை, அடுத்து க்ளெப்சியெல்லா போன்ற குடல் பாக்டீரியாக்களை. பெரும்பாலும் அந்தக் கணக்கு தப்பாது. வழக்கமான மருந்துக்குக் காய்ச்சல் அசையாவிட்டால்தான் மண்ணில் வாழும் ஒரு கிருமி நினைவுக்கு வர வேண்டும். அதன் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமல்லை, அது தரும் நோய் மெலியாய்டோசிஸ்.

1911-இல் ரங்கூனில் பிரேதப் பரிசோதனைகளின்போது இதைக் கண்டுபிடித்தவர்கள் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் கிடக்கும் இந்தக் கிருமி, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். அதனால்தான் மழைக்காலத்தில் நோய் கூடுகிறது. கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய வெள்ளணுக்கள் சர்க்கரை நோயில் சோர்ந்துவிடுகின்றன. கிருமியோ விழுங்கிய அணுவுக்குள்ளேயே பிழைத்து, பக்கத்து அணுக்களோடு அதை ஒட்டவைத்துப் பரவுகிறது.

அமீபா கட்டி பெரும்பாலும் ஒரே பெரிய குழியாக இருக்கும். இது அப்படியல்ல. சி.டி. ஸ்கேனில் மெல்லிய சுவர்களுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகளாக, தேனடையை வெட்டி வைத்தாற்போலத் தெரியலாம். மண்ணீரலிலும் கட்டிகள் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

நோயாளியின் தலையெழுத்தை மாற்றக்கூடிய இடம் ஆய்வகம். சீழைச் சாயமேற்றிப் பார்த்தால் இளஞ்சிவப்புக் குச்சிகள் தெரியும். இரு முனைகளும் அழுத்தமாக, நடு வெளிறி, சேஃப்டி பின் போலிருக்கும். வேறு சில கிருமிகளும் இப்படித் தெரிவதால் இது குறிப்பு மட்டுமே. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டில் முதல் நாள் சாதாரணப் புள்ளிகள்தான். சில நாள் கழித்தே அவை உலர்ந்து சுருங்கி மடிப்பு விழும். அதற்குள் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டாலோ, 'ஏதோ சூடோமோனாஸ்' என்று வேறொரு பாக்டீரியாவின் பெயரை எழுதி அனுப்பிவிட்டாலோ நோய் கைநழுவிப்போகும். என்னை மிகவும் வருத்துவது இதுதான். ஏனென்றால் துப்பு அந்தத் தட்டிலேயே இருக்கிறது: ஜென்டாமைசின், கோலிஸ்டின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத கிருமி, அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்குகிறது. வழக்கமான சூடோமோனாஸ் ஏருஜினோசா அதற்கு அடங்காது. மெலியாய்டோசிஸ் இருக்கலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுப்பினால், ஆய்வகம் தட்டைக் காத்திருந்து பார்க்கும். ஒரு கல்ச்சரில் வளரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ரத்தம், சிறுநீர், தொண்டைச் சளி எல்லாவற்றையும் மறுபடி அனுப்ப வேண்டும்.

1989-இல் தாய்லாந்தில் நடந்த ஆய்வில், செஃப்டாசிடிம் ஊசி தீவிர நோயில் இறப்பை 74 சதவீதத்திலிருந்து 37 ஆகக் குறைத்தது. இன்றும் அதுவோ மெரோபெனமோதான் முதல் மருந்து. கல்லீரல் கட்டிக்குப் பொதுவாக நான்கு வாரமாவது நரம்பு வழியே ஏற்றுவார்கள். பெரிய கட்டியில் குழாய் வைத்துச் சீழ் எடுக்கலாம். தேனடை அறைகள் ஒவ்வொன்றிலும் ஊசி போட வழியில்லை, மருந்துதான் கரைக்க வேண்டும். சரியான மருந்து ஏறும்போதும் காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நீடிப்பதுண்டு. அதைப் பார்த்துப் பதறி உடனே மருந்தை மாற்றிவிடக் கூடாது.

பிறகு கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை, குறைந்தது மூன்று மாதம். இடையிடையே ரத்த அணுக்கள், சிறுநீரகம், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பசி திரும்பி, உடம்பு தேறி, வயல் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அணுக்களுக்குள் கிருமி பதுங்கியிருக்கலாம். மாத்திரையைப் பாதியில் விட்டவர்களிடம்தான் நோய் அதிகமாகத் திரும்பி வருகிறது.