இருபாலீர்ப்பு அழிப்பு: சொல் விளக்கம்

'பைசெக்ஷுவல் இரேஷர்' என்பதற்கு நான் வைக்கும் தமிழ் 'இருபாலீர்ப்பு அழிப்பு'. ஆண்மீதும் பெண்மீதும் காதல் கொள்ளக்கூடிய ஒருவரை, "நீ இந்தப் பக்கம்தான்", "இல்லை, அந்தப் பக்கம்தான்" என்று பிறர் முடிவுகட்டிவிடுவதை இது குறிக்கும். சட்ட அறிஞர் கென்ஜி யோஷினோ 2000இல் ஸ்டான்ஃபோர்டு சட்ட இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். எதிர்பாலீர்ப்பினர், தன்பாலீர்ப்பினர் என இரு தரப்புக்குமே இருபாலீர்ப்பினர் கண்ணில் படாமல் இருப்பது வசதியாக இருக்கிறது என்பது அவர் வாதம்.

முதற்சொல்லிலேயே ஒரு சிக்கல் உண்டு. 'பைசெக்ஷுவல்' என்றால் முதலில் ஓருடலில் இரு பாலுறுப்பும் அமைந்தது என்றே பொருள். செம்பருத்தியை இருபால் மலர் என்று பள்ளியில் படித்தோமே, அதே பொருள்தான். காதலைக் குறிக்கும் பொருள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனநல மருத்துவ நூல்கள் வழியே வந்தது. அதனால் 'இருபாலினர்' என்று எழுதினால் பேச்சு உடலுக்குப் போய்விடுகிறது. 'இருபாலர்' என்றாலோ இருபாலர் கல்லூரிதான் நினைவுக்கு வரும். 'ஈர்ப்பு' சேர வேண்டும்.

இரண்டாம் சொல்லுக்கு 'இருட்டடிப்பு' சரிவருமா என்று வெகுநாள் யோசித்தேன். நம் பத்திரிகைகளுக்குப் பழகிய சொல். ஆனால் 'பஃபி த வேம்பையர் ஸ்லேயர்' தொடரின் வில்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதுத் தோழன் ஸாண்டர்மேல் ஆசை வைத்தவள். ஆஸ் என்ற இளைஞனை உயிராய்க் காதலித்தவள். பிறகு டாரா என்ற பெண்ணோடு இணைகிறாள். 2001இல் அவர்கள் முத்தமிடும் காட்சியும் ஒளிபரப்பானது. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது துணிச்சல். அதை நான் மதிக்கிறேன். இருட்டில் வைக்கவில்லை, வெளிச்சத்தில்தான் வைத்தார்கள். ஆனாலும் அதன்பின் அவள் பெண்களை மட்டுமே விரும்புபவள் என்றாகிவிட்டது. ஆஸுக்காக அவள் அழுத அழுகை என்னவாயிற்று? சிலேட்டில் இருந்ததைத் துடைத்துவிட்டு வேறொன்று எழுதியதுபோல. அதனால்தான் 'அழிப்பு' என்கிறேன்.

பார்வை மாறியது மெதுவாகத்தான். 'புரூக்ளின் நைன்-நைன்' தொடரில் ரோசா டியாஸ் தன்னை பைசெக்ஷுவல் என்று வாய்விட்டுச் சொன்னது 2017 டிசம்பரில். அந்த வேடத்தில் நடித்த ஸ்டெஃபனி பியாட்ரிஸும் இருபாலீர்ப்பினரே. ரோசாவின் பெற்றோர் அதை ஏற்கத் தடுமாறுவதையும் தொடர் காட்டியது. அங்கே அழிக்கப் பார்ப்பவர்கள் பாத்திரங்கள். கதை ரோசாவின் பக்கம் நிற்கிறது.

2022இல் வந்த 'ஹார்ட்ஸ்டாப்பர்' தொடர் இன்னும் ஒரு படி போனது. பள்ளி மாணவன் நிக், சார்லியைக் காதலிக்கிறான்; பெண்களையும் தனக்குப் பிடிக்கும் என்று அம்மாவிடம் சொல்கிறான். யாராவது அவனைத் தன்பாலீர்ப்பினன் என்று நினைத்துவிட்டால், அப்போதே திருத்துகிறான். தமிழில் அவனைப் பற்றி எழுதுவோர் 'ஓரினச்சேர்க்கையாளன்' என்று எழுதினால், அவன் திருத்தியதை மறுபடி அழித்துவிடுகிறோம். இருபாலீர்ப்பினன் என்றே எழுதுங்கள்.