பொருந்தாத மேசைக்கணினியும் வாட் சொல்லாத மடிக்கணினியும்

கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவில் விளையாட்டுக் கணினி தேடுகிறவர் முன் ஒரு பழைய மேசைக்கணினி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் அட்டை. ஆனால் கணினியின் மூளையான செயலியோ (சிபியு) 2014-இல் வந்த இன்டெல் ஐ5-4460. இன்னும் கொஞ்சம் பணம் புரட்டினால் ஆர்டிஎக்ஸ் 4060 ஸ்டிக்கர் ஒட்டிய மடிக்கணினி கிடைக்கும். எதை வாங்குவது? அட்டையின் எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டிலுமே ஏமாறுவோம்.

விநாடிக்கு 60 படங்கள் திரையில் ஓட வேண்டுமானால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவிநாடி. எதிரி எங்கே நகர்ந்தான், எறிந்த பொருள் எங்கே விழும், எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்கிட்டு உத்தரவு அனுப்புவது செயலி. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டுவது அட்டை. அட்டை ஒரு படத்தைத் தீட்டும்போதே செயலி அடுத்த படத்துக்குத் தயாராகிறது. ஆகவே இரண்டில் எது மெதுவோ, அதன் வேகம்தான் நம் கண்ணுக்குத் தெரியும். செயலி 25 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால் 40 படங்களுக்கு மேல் வராது; அட்டை 8 மில்லிவிநாடியில் முடித்துவிட்டுச் சும்மா காத்திருக்கும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு. புள்ளிகளைக் குறைத்தால் அட்டையின் சுமை குறையும், செயலியின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். விளையாட்டை ஓடவிட்டுத் திரைத் துல்லியத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் படங்களின் எண்ணிக்கை உயரவில்லையென்றால், பெரும்பாலும் இழுத்துப் பிடிப்பது செயலிதான். விற்பவரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

எல்லாப் பொருத்தமின்மையும் ஒன்றல்ல. தற்காலிக நினைவகமான ரேம் ஒன்றே ஒன்று செருகியிருந்தால் அது மிக மலிவாகத் தீரும் குறை: டிடிஆர்4-3200 ரேம் ஒன்று விநாடிக்கு 25.6 ஜிகாபைட் கடத்தும்; சரியான இடத்தில் இன்னொன்றைச் செருகினால் பாதை இரட்டிப்பாகும். 2017-இன் ஏஎம்டி ரைசன் 5 1600 செயலி இருந்தாலும் கவலை குறைவு. எல்லாம் பொருந்தும் பலகையான மதர்போர்டின் நிறுவனம், புதிய செயலிக்கான பயாஸ் (பலகையின் அடிப்படை மென்பொருள்) வெளியிட்டிருந்தால், செயலி உட்காரும் அதே ஏஎம்4 சாக்கெட்டில் புதிய ரைசன் 7 5800எக்ஸ்3டி உட்காரும். ஐ5-4460 அப்படியல்ல. அந்தப் பலகையில் அதே காலத்து ஐ7 வரைதான் போகலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பலகை, செயலி, ரேம் மூன்றையும் மாற்ற வேண்டும். 3070 அட்டை மட்டுமே 220 வாட் இழுக்கும், 650 வாட் பவர் சப்ளை பரிந்துரைக்கப்படுகிறது. உள்ளே பெயர் தெரியாத பவர் சப்ளை இருந்தால் அதன் விலையையும் கணக்கில் சேருங்கள்.

மடிக்கணினியில் பொருத்தமின்மை பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. மேசைக்கணினியின் ஆர்டிஎக்ஸ் 4070-இல் 5888 கருக்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்), 12 ஜிகாபைட் நினைவகம், 200 வாட். அதே பெயருள்ள மடிக்கணினிச் சிப்பில் 4608 கருக்கள், 8 ஜிகாபைட். மின் அளவு 35 முதல் 115 வாட் வரை, தயாரிப்பவர் விருப்பம்; வாட் குறைந்தால் வேகமும் குறையும். வாங்குகிறவருக்கு இது நியாயமல்ல என்றே நினைக்கிறேன். 4060 மடிக்கணினிக்கும் இதே 35–115 வாட் இடைவெளிதான்.

ஆனாலும் மடிக்கணினியைக் காப்பாற்றும் இயற்பியல் ஒன்று உண்டு. சிப் செலவழிக்கும் மின்திறன் அதன் அதிர்வெண்ணையும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. இரண்டையும் 20 விழுக்காடு குறைத்தால், 0.8-ஐ மும்முறை பெருக்கிய 0.512, அதாவது ஏறக்குறைய பாதி மின்சாரமே போதும். பாதி மின்சாரத்தில் 80 விழுக்காடு வேகம்! மெல்லிய பெட்டிக்குள் இவ்வளவு திறன் அடங்குவது இதனால்தான்.

இங்கே நம் ஊர் வெயில் குறுக்கிடுகிறது. விசிறியால் சிப்பை அறைவெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. 22 டிகிரி ஏர்கான் அறையில் 88 டிகிரியில் ஓடும் சிப், 32 டிகிரி அறையில் அதே வேலைக்கு 98-ஐத் தொடும். அந்த எல்லையில் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசைக்கணினியின் அட்டை 65-இலிருந்து 75-க்குப் போனால் ஒன்றும் ஆகாது.

பேட்டரியை நம்பவும் வேண்டாம். விமானங்களில் சிறப்பு அனுமதியின்றி ஏற்றலாம் என்ற வரம்பான 100 வாட்-மணிக்குள்தான் பெரும்பாலான பேட்டரிகள் இருக்கின்றன. 200 வாட் இழுத்தால் அரை மணி நேரம்.

விடுதிக்கும் வீட்டுக்கும் அலையும் மாணவருக்கு மடிக்கணினியே சரி. கிராபிக்ஸ் சிப்புக்கு 100 வாட்டுக்கு மேல் என்று விவரக்குறிப்பில் அச்சிட்டிருந்தால் வாங்கலாம். ஓரிடத்திலேயே இருப்பவருக்கு ஏஎம்4 பலகையுள்ள பொருந்தாத மேசைக்கணினியைத் தயங்காமல் சொல்வேன். ஐ5-4460 இருக்கும் அந்தப் பெட்டியை மட்டும், அட்டையின் விலைக்குத் தந்தாலொழிய, விட்டுவிடுங்கள்.