நாள்பட்ட நோயாளிக்கு மன ஆதரவு: உடலுக்குள் அது எப்படி வேலை செய்கிறது?

சிங்கப்பூரின் பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும் நீரிழிவு நோயாளிகள் பலருக்கும் தெரிந்த குழப்பம் ஒன்று உண்டு. மாத்திரையை ஒரு வேளையும் விடவில்லை, கோப்பியில் சீனி சேர்ப்பதை நிறுத்தி வெகுகாலமாகிறது, தட்டில் சோறும் குறைந்துதான் இருக்கிறது. ஆனாலும் எச்பிஏ1சி அளவு முன்பைவிட ஏறியிருக்கிறது. அப்போது வீட்டிலும் வெளியிலும் முதலில் கேட்கப்படுவது, என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான். எச்பிஏ1சி என்பது ஏறத்தாழ மூன்று மாத காலத்தின் சர்க்கரை அளவைச் சராசரியாகக் காட்டும் எண். அந்த மூன்று மாதங்களில் அவர் எதற்கு அஞ்சினார், எத்தனை இரவு உறங்காமல் கிடந்தார், யாரிடமும் சொல்லாமல் எதைச் சுமந்தார் என்பவையும் அந்த எண்ணுக்குள் சேர்ந்திருக்கின்றன. அவை எந்த வழியாக அங்கே சேர்கின்றன என்பது இன்று ஓரளவு தெளிவாகவே தெரியும்.

அச்சமோ நீடித்த கவலையோ எழும்போது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கும், பிட்யூட்டரி சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கும் ஹார்மோன் வழியாகச் செய்தி அனுப்புகின்றன. அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோலை வெளியிடுகின்றன. கார்ட்டிசோல் கல்லீரலைப் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கத் தூண்டுகிறது. தசைகளும் கொழுப்புத் திசுவும் இன்சுலினின் சொல்லுக்கு எளிதில் இணங்காதபடி செய்கிறது. ஆபத்திலிருந்து ஓடித் தப்ப வேண்டியவனுக்கு இந்த ஏற்பாடு உயிர்காப்பு. ஆனால் நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, முடக்குவாதம் போன்றவற்றில் அச்சத்துக்குரிய பொருள் ஓடித் தப்பக்கூடியதன்று. அது நாள்தோறும் உடனிருக்கிறது. ஆகவே சில மணி நேரத்தில் அடங்கவேண்டிய இந்த எதிர்வினை மாதக்கணக்கில் அடங்காமல் நீடிக்கிறது. இவ்வாறு சேரும் தேய்மானத்துக்கு 1993ல் புரூஸ் மெக்கூவன், எலியட் ஸ்டெல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அல்லோஸ்டேட்டிக் சுமை என்று பெயரிட்டார்கள். ரத்த அழுத்தம், இடுப்பைச் சுற்றிய கொழுப்பு, ரத்தச் சர்க்கரை ஆகிய அனைத்தும் அந்தச் சுமையின் அடையாளங்கள்.

மனம் உடலைப் பாதிக்கிறது என்பது பாதிக் கதைதான். உடலும் மனத்தை நேரடியாகப் பாதிக்கிறது. இந்தப் பாதியை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது மிக முக்கியம் என்று நான் கருதுகிறேன். நாள்பட்ட நோய்கள் பலவற்றில் உடலெங்கும் மெல்லிய அழற்சி தொடர்ந்து நிலவுகிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் சைட்டோகைன் என்னும் சிறு புரதங்கள் ரத்தத்தின் வழியாகவும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளைக்குச் செய்தி சொல்கின்றன. அந்தச் செய்தி கிடைத்ததும் மூளை உடலை ஓய்வுக்குத் தள்ளுகிறது: பசி குறையும், சோர்வு கூடும், பேச்சும் கூட்டமும் பிடிக்காமல் போகும், முன்பு மகிழ்ச்சி தந்தவை சுவையற்றுப் போகும். இரண்டு நாள் காய்ச்சலில் நாம் எல்லாரும் இதை அனுபவிக்கிறோம். அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் இந்த நிலையும் நீடிக்கும். இதற்கு வலுவான சான்று ஒன்று 2001ல் வெளியானது. தீவிரத் தோல் புற்றுநோய்க்காக இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற சைட்டோகைனையே மருந்தாகப் பெற்ற 40 நோயாளிகளில், பாதிப் பேருக்கு முன்கூட்டியே மனச்சோர்வு எதிர்ப்பு மருந்தும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 45 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வு உண்டானது. மருந்து பெற்றவர்களில் அது 11 விழுக்காடு. சைட்டோகைனை உடலுக்குள் செலுத்தியதாலேயே இத்தனை பேருக்கு மனச்சோர்வு வந்தது என்றால், நோயினால் சைட்டோகைன் பெருகிய ஒருவர் சோர்ந்து கிடப்பதை மனவலிமையின்மை என்று சொல்வதற்கு இடமே இல்லை.

மூன்றாவது வழி நடத்தை. நாள்பட்ட நோயின் மருத்துவம் பெரும்பாலும் நோயாளியின் கைகளில்தான் நடக்கிறது. மருத்துவரைக் காண்பது ஆண்டுக்குச் சில முறை. மற்ற நாள்களில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதும், மாத்திரை எடுப்பதும், பாதத்தைச் சோதிப்பதும் அவரே. சிறுநீரகம் செயலிழந்து ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) செய்துகொள்பவர் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அளவுக்கு நாற்காலியில் இருக்கவேண்டும். இடைப்பட்ட நாள்களில் ரசம், மோர், தே எல்லாவற்றையும் நீர்க்கணக்கில் சேர்க்கவேண்டும். பொட்டாசியம் மிகுந்த இளநீரையும் வாழைப்பழத்தையும் தள்ளிவைக்கவேண்டும். விடுமுறையே இல்லாத இந்த வேலையின் சலிப்பு மனச்சோர்விலிருந்து வேறுபட்டது. நீரிழிவில் இதை அளப்பதற்கான வினாப்பட்டியல் ஒன்றை வில்லியம் போலான்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 1995ல் வெளியிட்டார்கள். மனச்சோர்வு நோய் இல்லாதவர்களுக்கும் இந்த நோய்ச்சலிப்பு மிகுதியாக இருக்கலாம். அப்போது மாத்திரை தவறுகிறது, பரிசோதனை தள்ளிப்போகிறது, பிறகு ஏறிய எண்ணைக் காண அஞ்சி அடுத்த பரிசோதனையும் தள்ளிப்போகிறது.

உளவியல் சிகிச்சை இந்த மூன்று வழிகளிலும் குறுக்கிட முடியும். அதன் மிக எளிய செயல், உணர்வைச் சொல்லாக்குவது. 2007ல் மேத்யூ லீபர்மன் குழுவினர் நடத்திய மூளைப்பட ஆய்வில், அச்சமோ சினமோ தெரியும் முகங்களைக் கண்டவர்கள் அந்த உணர்வின் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, அச்ச எதிர்வினையில் பங்குபெறும் அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது. நெற்றிக்குப் பின்னுள்ள வலப்புறப் புறணியின் ஒரு பகுதி அதே வேளையில் கூடுதலாக இயங்கியது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் மூளையில் ஒரு வேலை நடந்துவிடுகிறது. கேட்பவர் அறிவுரை தருவதற்கு முன்பே அது நடக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு மேல் என்ன செய்யப்படுகிறது என்பதற்கு, ஈசூனில் வசிக்கும் நீரிழிவுள்ள பெரியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய தந்தை இதே நோயில் காலை இழந்தவர். தமக்கும் அதுதான் நேரும், எதைச் செய்தும் பயனில்லை என்பது அவர் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணம். அந்த எண்ணம் அவரைப் பாதத்தைப் பார்க்கவிடாமல் தடுக்கிறது. பார்த்தால்தானே புண் தெரியும்! காலைக் காப்பாற்றக்கூடிய மிக எளிய பழக்கமே இதனால் கைவிடப்படுகிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் ஆலோசகர் அந்த எண்ணத்தை வெளியே எடுத்துவைத்து, அதற்கான சான்றுகளை அவரோடு சேர்ந்து ஆராய்கிறார். தந்தைக்குக் கிடைத்த மருத்துவம் எது, எந்தக் கட்டத்தில் புண் தெரியவந்தது, இன்று தம்மிடம் என்ன வேறுபடுகிறது என்று பெரியவரே சொல்லவேண்டும். ஏற்பு மற்றும் உறுதிச் சிகிச்சை சற்று வேறு வழியில் செல்கிறது. அச்சம் நியாயமானதே, அது போகவேண்டியதில்லை, அச்சத்தோடேயே பாதத்தைச் சோதிக்க முடியுமா என்று அது கேட்கிறது. உண்மையிலேயே கெட்டது நேரக்கூடிய நோய்களில், எண்ணம் தவறு என்று வாதிடுவதைவிட இந்த வழி நேர்மையானதாக எனக்குத் தோன்றுகிறது.

இதே பெரியவர் வெள்ளிக்கிழமைகளில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குச் செல்வதை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரைப் பொங்கலை மறுக்க நேரும், காரணம் கேட்பார்கள், நோயைப் பற்றிப் பேச்சு வரும் என்பதால் வீட்டிலேயே இருக்கிறார். வெளியே செல்லாததால் மகிழ்ச்சி தரும் தருணங்கள் குறைகின்றன. மகிழ்ச்சி குறைய வெளியே செல்லும் விருப்பமும் குறைகிறது. ஊக்கம் வரும் வரை காத்திராமல் முதலில் செயலைத் தொடங்கவைப்பது சிகிச்சையின் மற்றொரு கருவி. அடுத்த வெள்ளி, கால் மணி நேரம் மட்டும், பொங்கல் தந்தால் சொல்லவேண்டிய ஒரு வரியை முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிட்டு என்று அந்தப் பணி மிகச் சிறியதாக வகுக்கப்படும்.

இனி உறவினர் தரும் ஆதரவுக்கு வருவோம். 2006ல் ஜேம்ஸ் கோன், ஹிலரி ஷேஃபர், ரிச்சர்ட் டேவிட்சன் ஆகியோர் மணமான 16 பெண்களை மூளைப்படக் கருவிக்குள் படுக்கவைத்து, காலில் மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று எச்சரித்தார்கள். தனியாக இருந்தபோது மூளையின் அச்சப் பகுதிகள் வலுவாக இயங்கின. அறியாத ஒருவர் கையைப் பிடித்தபோது சற்றுக் குறைந்தது. கணவர் பிடித்தபோது மேலும் குறைந்தது. திருமண உறவு நல்ல நிலையில் இருந்த பெண்களுக்கு அந்தத் தணிவு கூடுதலாக இருந்தது. உடனிருப்பவர் எதையும் தீர்த்துவைக்கவில்லை, உடனிருந்தார், அவ்வளவே. 148 ஆய்வுகளையும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் தொகுத்து ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010ல் வெளியிட்ட பகுப்பாய்வில், வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இவை பெரும்பாலும் கூர்ந்து பின்தொடர்ந்த ஆய்வுகள், சோதனைகள் அல்ல. ஆகவே உறவே முழுக் காரணம் என்று கொள்ளக்கூடாது.

ஆனால் எல்லா அக்கறையும் இந்தத் தணிவைத் தருவதில்லை. நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் உணவின் வழியாகவே பேசும். நோய் வந்தபின் அதே அன்பு உணவைக் கண்காணிக்கத் தொடங்குகிறது. "அப்பா, இது மூணாவது தோசை" என்று மகள் சொல்வதும், "டாக்டர் என்ன சொன்னாரு, மறந்துட்டீங்களா?" என்று மனைவி கேட்பதும் அக்கறையில் பிறந்தவைதான். கேட்பவருக்கோ அவை விசாரணையாகப் படுகின்றன. அவர் பின்வாங்குகிறார், கோப்பிக்கடையில் மறைவாகச் சாப்பிடுகிறார், அது தெரியவந்ததும் கண்காணிப்பு இறுகுகிறது. நோயுற்ற பிள்ளைகளின் குடும்பங்களை ஆராய்ந்த உளவியலாளர்கள் இந்தச் சுழலை 1990களின் தொடக்கத்திலேயே விவரித்திருக்கிறார்கள்: உதவுபவர் விளைவுக்குத் தாமே பொறுப்பு என்று எண்ணத் தொடங்கும் இடத்தில் உதவி மோதலாக மாறுகிறது. இதற்குக் குடும்பச் சிகிச்சையில் தரப்படும் மாற்று எளியது, செய்வதற்குத்தான் கடினம். எந்தப் பொறுப்பு யாருடையது என்று வெளிப்படையாகப் பேசிப் பிரித்துக்கொள்வதும், எந்த உதவி வேண்டும் என்பதை நோயாளியே சொல்லவிடுவதும்தான் அது. தந்தை தாமே சர்க்கரை பார்த்துக்கொள்ளட்டும். இரவுணவுக்குப் பின் புளோக்கைச் சுற்றி நடக்க மகள் துணைக்கு வரட்டும்.

பராமரிப்பவரின் உடலும் இதே விதிகளுக்கு உட்பட்டதே. மறதிநோயுள்ள உறவினரைப் பராமரித்த 13 பெண்களின் கையில் ஒரே அளவான சிறு காயம் ஏற்படுத்தி, அதே வயதுள்ள வேறு 13 பெண்களோடு ஜேனிஸ் கீகால்ட்-கிளேசர் குழுவினர் 1995ல் ஒப்பிட்டார்கள். பராமரிப்பவர்களின் காயம் ஆறச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. பணிப்பெண் இருக்கிறாரே, அம்மாவுக்கு என்ன சிரமம் என்று எண்ணும் பிள்ளைகள் இந்த எண்ணை அறிந்திருக்கவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சிகிச்சையின் எல்லையைச் சொல்லாமல் விடுவது தவறு. பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள பெண்களில், ஆதரவுக் குழுவில் பங்கேற்றவர்கள் நீண்ட காலம் உயிர்வாழ்ந்ததாக டேவிட் ஸ்பீகல் குழுவினர் 1989ல் அறிவித்தபோது உலகமே அதைக் கொண்டாடியது. 2001ல் வெளியான பெரிய சோதனையில், 235 பெண்களிடம் அந்த ஆயுள் நீட்டிப்பு தென்படவில்லை. ஆனால் வலியும் மனத்துயரும், குறிப்பாகத் தொடக்கத்தில் மிகவும் துயருற்றிருந்தவர்களிடம், குறைந்தன. தைரியமாக இருந்தால் நோயை வென்றுவிடலாம் என்று நோயாளியிடம் சொல்லும் வழக்கத்துக்கு எதிரான சான்றாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். நோய் முற்றும்போது, தைரியம் போதவில்லை என்ற குற்றவுணர்வையும் அந்தச் சொல் அவர் தலையில் ஏற்றிவிடுகிறது.

நீரிழிவிலும் இதயநோயிலும் நம்பிக்கை தரும் முடிவுகள் உண்டு. அவ்விரு நோய்களில் ஒன்றோ இரண்டுமோ இருந்து, மனச்சோர்வும் உடைய 214 பேரிடம் அமெரிக்காவில் வேன் கேட்டன் குழுவினர் நடத்தி 2010ல் வெளியிட்ட சோதனையில், தாதி ஒருவர் உடல்நோயையும் மனச்சோர்வையும் சேர்த்தே கண்காணித்து மருத்துவர்களோடு ஒருங்கிணைத்தபோது, மனச்சோர்வோடு எச்பிஏ1சி, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவையும் மேம்பட்டன. சிங்கப்பூர் ரத்தச் சுத்திகரிப்பு நிலையங்களில் நடந்து 2018ல் வெளியான சோதனையில், சிறு குழுக்களாக அமர்ந்து இலக்கு வகுக்கவும் தடைகளைத் தீர்க்கவும் பழகிய நோயாளிகளுக்குப் பொட்டாசியம், பாஸ்பேட் அளவுகளும், இரு சுத்திகரிப்புகளுக்கு இடையில் நீரால் கூடும் எடையும் குறைந்தன.

சிங்கப்பூரில் இந்த உதவியைத் தேடத் தனி மனநல மருத்துவமனையில் தொடங்கவேண்டியதில்லை. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ, மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவையாளரிடமோ சொன்னால், தேவைக்கேற்ப உளவியலாளரிடம் அனுப்புவார்கள். மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தக்கூடிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் நீரிழிவோடு கடும் மனச்சோர்வும் மனப்பதற்றமும் இடம்பெற்றிருக்கின்றன. தேசிய மனநல உதவி எண் 1771. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் மட்டுமே மனந்திறக்கக்கூடிய மூத்தோருக்குச் சந்திப்பை ஏற்பாடு செய்யும்போதே தமிழ் பேசும் ஆலோசகரோ மொழிபெயர்ப்பாளரோ கிடைப்பாரா என்று கேட்டுவிடுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் சென்றால், பாட்டி தம் அச்சத்தைச் சொல்லமாட்டார். பேரனைக் கலங்கவிடக் கூடாதென்று எல்லாம் நலம் என்றே சொல்லிவிட்டு வருவார்.