பிராசசரை வாங்கிவிட்டு வராதீர்கள், வாங்கும் முன் வாருங்கள்

பழைய பிராண்டட் டெஸ்க்டாப்பின் பிராசசரை மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் பிராசசரோடுதான் வருகிறார்கள். எங்கோ செகண்ட் ஹேண்டில் வாங்கியது, திருப்பிக் கொடுக்க வழியில்லாதது. அண்மையில் வந்தவரும் அப்படித்தான். அவருடைய கணினியில் இருந்தது ஐ3-6100, இன்டெல் 6-ஆம் தலைமுறை, இரண்டு கோர். வாங்கி வந்தது ஐ3-8100, 8-ஆம் தலைமுறை, நான்கு கோர். "ரெண்டுமே 1151 சாக்கெட்தான் சார், நல்லா பார்த்துத்தான் வாங்கினேன்" என்றார். பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். அதுதான் எனக்கு எரிச்சல்.

சாக்கெட்டின், அதாவது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தின், பெயர் ஒன்றாக இருந்தால் பிராசசர் ஓடிவிடும் என்ற நம்பிக்கை எப்படித்தான் இவ்வளவு பரவியதோ. 2015-இல் வந்த இன்டெல் 6-ஆம் தலைமுறை, அடுத்து வந்த 7-ஆம் தலைமுறை, 2017 அக்டோபரில் வந்த 8-ஆம் தலைமுறை மூன்றுக்கும் எல்ஜிஏ 1151 என்றுதான் பெயர். ஓரத்து வெட்டுகள்கூட ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, அதனால் மதர்போர்டில் அழகாக உட்கார்ந்துவிடும். லிவரும் மூடிவிடும். ஆனால் டிஸ்ப்ளே வராது. முன்பு பயன்படுத்தாமல் வைத்திருந்த பின்களில் சிலவற்றை 8-ஆம் தலைமுறையில் மின்சாரத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். அதற்கு 300 வரிசை சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும், போர்டிலேயே பதித்த சிப்) வேண்டும். எச்110, பி150, பி250 என்ற பழைய சிப்செட் போர்டு வைத்திருப்பவர்கள் 8-ஆம் தலைமுறைப் பக்கம் திரும்பவே வேண்டாம். சாவி துவாரத்துக்குள் நுழைந்துவிட்டதாலேயே பூட்டு திறந்துவிடாது.

உடனே அடுத்த கேள்வி வரும்: "பயாஸ் அப்டேட் பண்ணினா?" வராது. பயாஸை, அதாவது ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் மென்பொருளை, மாற்றி எழுதி, பின்களில் டேப் ஒட்டி ஓடவைக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அது அவர்கள் பொழுதுபோக்கு. நீங்கள் தினமும் வேலை பார்க்கிற கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

சரி, சிப்செட்டும் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். பிராண்டட் சிஸ்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறது. எச்110 சிப்செட் 7-ஆம் தலைமுறையை ஏற்கும், பயாஸ் புதிதாக இருந்தால். தனியாக விற்கும் போர்டுகளுக்கு அந்த பயாஸ் அநேகமாக வந்துவிட்டது. உங்கள் கணினியைச் செய்த நிறுவனம் அந்த மாடலுக்கு வெளியிட்டதா என்பதுதான் கேள்வி. அந்த மாடலோடு விற்ற பிராசசர்களுக்கு மட்டும் ஆதரவு கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வது பிராண்டட் உலகில் சகஜம். 2011 வாக்கில் அலுவலகங்களுக்குப் போன கியூ67 சிப்செட் கணினிகளில் இன்னொரு சிக்கல். அதே எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் வந்த 3-ஆம் தலைமுறைக்கு அந்த சிப்செட்டில் இன்டெல்லே ஆதரவு தரவில்லை. அதே காலத்து எச்61-இல் பயாஸ் அப்டேட் செய்தால் ஓடும். சாக்கெட் ஒன்று, வயதும் ஒன்று, பதில் வேறு.

அதனால் பார்க்க வேண்டியது சாக்கெட்டை அல்ல, உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை. உங்கள் மாடல், அதே போர்டு, அதே அளவு கேபினெட். இதை அதிகபட்சம் எந்த பிராசசரோடு விற்றார்கள்? அதோடு நில்லுங்கள். ஐ3-6100 இருந்த இடத்தில் ஐ7-6700 பெரும்பாலும் பிரச்சினை தராது. 51 வாட்டிலிருந்து 65 வாட்டுக்குப் போகிறீர்கள், இரண்டு கோர் நான்காகிறது. ஆனால் "கொஞ்சம் கூடக் கொடுத்தா கே வருதே" என்று 91 வாட் ஐ7-6700கே வாங்கி வருகிறார்கள். கே வகையின் சிறப்பே ஓவர்கிளாக், அதாவது குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது; எச்110 போர்டில் அதைச் செய்யவும் முடியாது, அந்தச் சின்ன ஹீட்சிங்க் அந்தச் சூட்டைத் தாங்கவும் தாங்காது. கூடுதல் வாட்டுக்காக எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் தரும் பெட்டியை) மாற்றலாம் என்றால் பல பிராண்டட் கணினிகளில் கனெக்டரே வேறு.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜியான் (இன்டெல்லின் சர்வர் வகைப் பிராசசர்) வாங்குகிறவர்களுக்கு: ஈ3 வி5 வகைக்கு சி232 அல்லது சி236 சிப்செட் வேண்டும், சாதாரண எச்110-இல் ஓடாது. பழைய ஈ3-1230 வி2 போன்றவற்றில் கிராபிக்ஸே கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் போட்டுவிட்டு மானிட்டர் கறுப்பாக இருக்கிறது என்று போன் செய்யாதீர்கள். பிராசசரின் மேல்தகட்டில் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று அச்சிட்டிருந்தால் அது சோதனைக்காகச் செய்த மாதிரி. தொடாதீர்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒன்று. உங்கள் கணினி மெதுவாக இருப்பதற்கு பிராசசர்தான் காரணமா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் 100-இல் நின்றால் உங்களுக்குத் தேவை எஸ்எஸ்டி. 4 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு ஐ7 தேடி அலைகிறவர்களை என்ன சொல்வது. இந்த இரண்டையும் சரிசெய்த பிறகு பிராசசர் பேச்சை எடுக்காமலே போனவர்கள்தான் என் அனுபவத்தில் அதிகம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து இன்னொரு கூட்டம் வருகிறது. 6-இலிருந்து 7-ஆம் தலைமுறைக்கு மாறினால் விண்டோஸ் 11 கிடைக்குமா என்று. கிடைக்காது. மைக்ரோசாஃப்டின் பட்டியல் இன்டெல்லில் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. அதற்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, மாற்றியே தீருவேன் என்றால் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயை முதலில் எழுதி வையுங்கள், பிராசசர் மாறியதும் அதைக் கேட்கலாம். இன்டெல்லின் எல்ஜிஏ போர்டில் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன, பிராசசரை நேராகத் தூக்கி நேராக வையுங்கள், நகர்த்தித் தேய்க்காதீர்கள். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் ரைசனில் பின்கள் பிராசசரிலேயே இருக்கும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்சிங்க்கை மெல்லத் திருகி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால், சூட்டைக் கடத்த நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும், அதோடு பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புதிது வையுங்கள். ஃபேன் கனெக்டர் பொருந்தவில்லை என்று ஒயரை வெட்டி ஒட்டாதீர்கள், அப்புறம் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஃபேன் எர்ரர் காட்டி நிற்கும்.

பழைய பிராசசரை உடனே விற்றுவிட வேண்டாம். புதியது சில வாரம் தொல்லையில்லாமல் ஓடும்வரை, அடிப்பக்கத்தில் எதுவும் படாதபடி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருங்கள். டிஸ்ப்ளே வராத நாளில் கோளாறு போர்டிலா பிராசசரிலா என்று கண்டுபிடிக்க எனக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.