அந்தப் பறவையைத் துடைக்காதீர்கள்

பாடம் செய்த பறவைகளைப் படமெடுத்து ஆவணப்படுத்துவது என் தொழில். அருங்காட்சியகமோ, கல்லூரி விலங்கியல் துறையோ, எங்கே போனாலும் முதல் வேண்டுகோள் ஒன்றுதான்: "சார், கொஞ்சம் பளிச்சுன்னு வர்ற மாதிரி எடுத்துக் குடுங்க." சில இடங்களில் நாம் போவதற்குள் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து வயிற்றுப் பக்கத்தைத் துடைத்தே வைத்திருப்பார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் காரியம் கெட்டது.

ஏன் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது 2017-இல் வெளியான ஒரு சிகாகோ ஆய்வைப் பற்றி. ஷேன் டுபே பறவைகளைப் படிப்பவர், கார்ல் ஃபுல்ட்னர் புகைப்பட வரலாற்றைப் படிப்பவர். இந்த ஜோடி சேர்ந்ததே எனக்குப் பிடித்த விஷயம். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் மல்லாந்து கிடக்கும் பழைய கொம்பு வானம்பாடிகளுக்கும் சிவப்புத்தலை மரங்கொத்திகளுக்கும் வயிறு வெள்ளையாக இருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிடித்தவையோ சாம்பல் பூத்துக் கிடந்தன. கையில் எடுத்தால் விரலில் கரி ஒட்டியது. எல்லாம் அமெரிக்கத் தொழிற்பேட்டைப் பகுதிகளின் நிலக்கரிப் புகை.

சிகாகோ, பிட்ஸ்பர்க், ஆன் ஆர்பர் ஆகிய ஊர்களின் சேகரிப்புகளிலிருந்து ஐந்து இனங்கள், 1,300-க்கும் மேற்பட்ட பறவைகள். எல்லாவற்றையும் ஒரே முறையில் படமெடுத்து, வெள்ளை இறகு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளந்தார்கள். இந்தப் பறவைகள் ஆண்டுதோறும் பழைய இறகை உதிர்த்துப் புது இறகு போடுபவை. ஆகவே ஒட்டியிருக்கும் கரி பல வருடச் சேமிப்பு அல்ல, அந்தந்த ஆண்டின் காற்று. காலில் கட்டிய சீட்டில் தேதியும் ஊரும் இருந்தால் போதும், கணக்கு வந்துவிடும்.

வந்தது 135 ஆண்டுக் கணக்கு. நூற்றாண்டின் தொடக்கத்தில் கரி உச்சம். பொருளாதாரப் பெருமந்தத்தில் ஆலைகள் சோர்ந்ததும் பறவைகள் வெளுத்தன, இரண்டாம் உலகப்போரில் மறுபடி கறுத்தன, அப்புறம் படிப்படியாக வெளுத்தன. அருங்காட்சியகத் தூசிதான் படிந்திருக்கும் என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்வி. தொழிற்பகுதிக்கு வெளியே பிடித்த அதே இனப் பறவைகளில் இந்தக் கறுப்பு இல்லை. அந்தக் காலக் காற்றில் கரி எவ்வளவு இருந்தது என்று முன்பு போட்டிருந்த மதிப்பீடுகளே குறைவு என்றும் இதிலிருந்து தெரிய வந்தது.

யாராவது ஒரு பொறுப்பாளர் இவற்றைச் சுத்தமாகத் துடைத்திருந்தால் இதெல்லாம் போயிருக்கும்.

சரி, படம் எப்படி எடுப்பது? சட்டகத்துக்குள் ஒரு சாம்பல் அட்டையும் (நிறத்தையும் ஒளியையும் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் அட்டை) அளவுகோலும் கட்டாயம் இருக்கட்டும். வெள்ளைச் சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் நிற அமைப்பை, கேமராவின் விருப்பத்துக்கு விடாதீர்கள், ஒவ்வொரு பறவைக்கும் ஒரு நிறம் காட்டும். ரா கோப்பை, அதாவது கேமரா மெருகேற்றாமல் பதிவு செய்த மூலக் கோப்பை, அழிக்காதீர்கள். கண்ணுக்கு அழகாக ஒளியேற்றிய படம் சுவரொட்டிக்கு ஆகும், அளப்பதற்கு ஆகாது. சீட்டின் இரண்டு பக்கத்தையும் தனியாக எடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலில் கிறுக்கிய ஊர்ப்பெயர்தான் பெரும்பாலும் உதவுகிறது. மங்கிவிட்டதென்று புதுச் சீட்டு எழுதினால் பழையதை எறியாமல் கூடவே கட்டுங்கள்.

வெறுங்கையால் மட்டும் தொடவே வேண்டாம். பூச்சி அரிக்காமலிருக்கப் பழைய தோல்களின் உள்ளே ஆர்செனிக் என்ற நஞ்சு கலந்த சோப்புத் தடவியிருப்பார்கள், நூறு வருடம் கழித்தும் அது அங்கேயே இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடித்ததும் கைகழுவுங்கள், அந்த மேசையில் டீ வேண்டாம்.

இன்னொன்று: "ஒரே குருவி இருபது இருக்கே, ரெண்டு வச்சுக்கிட்டு மத்ததக் கழிச்சிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். மேலே சொன்ன கணக்கு வந்ததே ஒரே இனத்தை வெவ்வேறு ஆண்டுகளில் சலிக்காமல் சேர்த்து வைத்ததால்தான். ஏற்கெனவே துடைத்தாகிவிட்டது என்றால், எந்தப் பறவையை, எப்போது, எதைக்கொண்டு துடைத்தீர்கள் என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்து அளக்க வருகிறவர் அந்தப் பறவையைக் கணக்கிலிருந்து விலக்கிக்கொள்வார்.