கரண்ட், கதிரியக்கம், கதிர்ச்சிகிச்சை

"மாமிக்கு ஒப்பரேஷன் முடிஞ்சிட்டு. இனிப் பதினைஞ்சு தரம் கரண்ட் பிடிக்கணுமாம்."

மார்பகப் புற்றுநோய் வந்த மட்டக்களப்பு வீடொன்றில் இந்த வசனம் எப்படியும் காதில் விழும். மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்களும் இப்படித்தான் சொல்வார்கள், இங்கே பெரியாஸ்பத்திரி வாங்கில் கிளினிக் துண்டோடு காத்திருப்பவர்களும் இப்படித்தான் சொல்வார்கள். கரண்ட் என்றதும் ஷொக் அடிக்குமோ, உள்ளே கருக்கிவிடுமோ என்ற பயமும் சேர்ந்தே வருகிறது.

ரேடியோதெரபியைத்தான், கதிரால் புற்றுநோய்க் கலங்களை அழிக்கும் சிகிச்சையைத்தான், இப்படிச் சொல்கிறோம். வேடிக்கை என்னவென்றால், கரண்ட் என்பது முழுப் பிழையல்ல. இன்று பெரும்பாலும் பயன்படும் இயந்திரம் லினாக், அதாவது நேர்கோட்டு ஆர்முடுக்கி. அது மின்சாரத்தைக் கொண்டு இலத்திரன்களை அசுர வேகத்தில் ஓடவிட்டு, தங்குதன் தகட்டில் மோத வைக்கிறது. அந்த மோதலில் எக்ஸ் கதிர் பிறக்கிறது. மின்சாரம் இயந்திரத்தோடு நின்றுவிடும். உடம்புக்கு வருவது, நெஞ்சுப்படம் எடுக்கிற அதே இனக் கதிர்தான், சக்தி மட்டும் பல மடங்கு. கதிர் படும்போது ஷொக்கும் இல்லை, நோவும் இல்லை. சில நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி, கதிர். வெங்கதிர் என்று ஞாயிற்றையும் தண்கதிர் என்று திங்களையும் அழைத்த பழஞ்சொல் இது. வயலில் நெல் விடுவதும் கதிர். நூல் நூற்கும் கூரான கம்பியும் கதிர். ரேடியோ என்ற முன்னொட்டின் வேரான 'ராடியுஸ்' என்ற இலத்தீன் சொல்லைப் பார்த்தால், ஒளிக்கீற்று, சக்கரத்து ஆரக்கால், நெசவுக்காரரின் நாடா என்று அதற்கும் பல பொருள். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒளிக்கும் நூலுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றன. மருதமுனைத் தறிக்காரர் யாருக்காவது இதைச் சொன்னால் ரசிப்பார்.

தெரபி கிரேக்கச் சொல். கூட இருந்து பணிவிடை செய்வதுதான் அதன் பழைய பொருள். நம் சிகிச்சை சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. நாட்டு வைத்தியரைப் பரியாரி என்கிறோமே, அது பரிகாரி. அந்த வழியில் 'கதிர்ப்பரிகாரம்' என்று ஆக்கலாம்தான். ஆனால் கேட்பவர் கோயிலில் நேர்த்தி வைக்கச் சொல்வதாக நினைத்துவிடுவார். சிகிச்சையே இருக்கட்டும்.

ஆக, கதிர்ச்சிகிச்சை. அப்படியானால் பலர் எழுதும் 'கதிரியக்கச் சிகிச்சை'? அதில்தான் எனக்குச் சண்டை.

கதிரியக்கம் என்பது வேறு பொருள். 1898இல் கியூரி தம்பதியர் பெயரிட்ட ரேடியோஅக்டிவிட்டி அது: யுரேனியம், ரேடியம் போன்றவை எந்தத் தூண்டலும் இல்லாமல் தாமாகவே கதிர் உமிழ்வது. நம் பாடநூல்களில் கதிர்த்தொழிற்பாடு. ரொன்ஜன் 1895இல் கண்டுபிடித்த எக்ஸ் கதிருக்கு அந்தப் பொருள்கள் தேவையே இல்லை. லினாக்கிலும் அவை இல்லை, ஆளியை நிறுத்தினால் கதிரும் நின்றது. இதே சிகிச்சைக்குப் பயன்படும் இன்னொரு வகையான கோபால்ட்-60 இயந்திரத்தில் கதிரியக்கப் பொருள் உண்டு. ஆனால் அது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, நோயாளிக்குள் போவதில்லை.

ஒரு சொல் பிழைத்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். எங்கள் உறவில் ஒரு மாமி சிகிச்சை முடித்து வந்தபோது, பேத்தியை அவ மடியில் விடவில்லை. துண்டில் 'கதிரியக்க' என்று இருந்ததாம். வீட்டில் உயர்தரம் படிக்கும் பொடியனுக்கு ஹிரோஷிமா நினைவு வந்திருக்கிறது. வெளியிலிருந்து கதிர் வாங்கியவரின் உடம்பில் கதிர் தங்குவதில்லை. அறையை விட்டு வந்த மறுநிமிடமே குழந்தையைத் தூக்கலாம். தைரொய்ட் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயடீன் குடித்தவர்கள் போன்றோர்தான் சில நாள் விலகியிருக்க வேண்டும். அந்தச் சிகிச்சைக்குக் கதிரியக்கம் என்ற சொல் பொருந்தும், மாமியுடையதற்குப் பொருந்தாது.

பதினைந்து தரம் என்ற கணக்குக்கும் ஒரு கதை உண்டு. கதிரின் அளவு கிரே, பிரித்தானிய இயற்பியலாளர் ஹரோல்ட் கிரேயின் பெயர். முன்பு 50 கிரேயை 25 தரமாக, ஐந்து கிழமையில் கொடுப்பார்கள். 40 கிரேயை 15 தரமாக, மூன்று கிழமையில் கொடுத்தாலும் குறைவில்லை என்று பிரித்தானிய ஆய்வுகள் காட்டின. 2020இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு 26 கிரேயை ஐந்தே தரத்தில், ஒரு கிழமைக்குள் முடித்தது. கல்முனையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ பஸ்ஸில் வருகிறவருக்கு இந்த எண்கள் வெறும் எண்களல்ல.

கடைசியாக, மாமி டொக்டரிடம் கேட்ட கேள்வி: "மறுகா வருமா?" ஆய்வாளர்கள் அவுட்கம் என்பதன் கீழ் எழுதுவதும் இதைத்தான். அதற்கு நாம் 'பெறுபேறு' என்று போடுகிறோம். பெறுபேறு என்றால் நமக்குச் சாதாரண தரப் பரீட்சைதான், சித்தி அல்லது சித்தியின்மை. நோயின் கணக்கு அப்படி இல்லை. மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் வெட்டிய 10,801 பெண்களின் தரவுகளைத் திரட்டி 2011இல் வெளியிட்டார்கள். கதிர் பெறாதவர்களில் பத்து ஆண்டுக்குள் நூற்றுக்கு 35 பேருக்கு நோய் திரும்பியது, பெற்றவர்களில் ஏறத்தாழ 19 பேருக்கு. பதினைந்து ஆண்டில் அந்த நோயால் இறந்தவர்கள், கதிர் பெறாதவர்களில் நூற்றுக்கு 25 பேர், பெற்றவர்களில் 21 பேர்.

இப்படிப்பட்ட கணக்குக்கு 'விளைவு' என்பதே பொருந்தும். வேளாண்மை எப்படி விளைந்தது என்று கேட்டால் யாரும் பாஸ், பெயில் என்று சொல்வதில்லை, ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்பார்கள். ஆனால் இந்தச் சொல்லைப் பக்கவிளைவு பிடித்துக்கொண்டு விட்டது. அதுவும் இல்லாததல்ல: அக்குளிலும் மார்பின் மடிப்பிலும் தோல் சிவந்து, கறுத்து, சிலருக்கு உரியும். கடைசித் தரம் முடிந்த பிறகு ஒன்றிரண்டு கிழமை இன்னும் மோசமாகி, அதன் பின் தேறத் தொடங்கும். "கரண்ட் கருக்கிப்போட்டுது" என்ற கதை ஊருக்குள் கிளம்புவது அந்த இரண்டு கிழமையில்தான்.