ரூபிடியத்தை அவசரப்படுத்தாதீர்கள்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு செல்போன் டவர். அங்கே டவருக்கு நேரம் தரும் ரூபிடியம் ஆஸிலேட்டரை, அதாவது அணுவின் அதிர்வை வைத்து ஓடும் கடிகாரப் பெட்டியை, ஜிபிஎஸ்ஸோடு இணைத்துவிட்டு வந்தவன் நான்தான். பங்குனியில் அங்கிருந்து போன். "சார், பகலெல்லாம் ஒழுங்கா இருக்கு. ராத்திரி எட்டு மணியானா டைமிங் அலாரம் அடிக்குது."

போய் ஆன்டெனாவைப் பார்த்தேன். கனெக்டரில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு. இந்தக் கரையில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. மாற்றினேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் எட்டு மணிக்கு மறுபடி அலாரம்.

மூன்றாம் நாள் லேப்டாப்போடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரம் இருக்கும். திரையில் சாட்டிலைட் சிக்னல்கள் காற்றில் அரிக்கேன் திரி துடிப்பதுபோல ஏறி இறங்கின. சில அறுந்தே போயின. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகத்தான் போகிறது. சூரியன் மறைந்தபின் அயனி மண்டலத்தில், அதாவது வானின் மின்னேறிய மேலடுக்கில், குமிழ் குமிழாக ஓட்டை விழும். அதைக் கடந்து வரும் சிக்னல் நடுங்கும். பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் தொந்தரவு அதிகம். இதை யாரும் ரிப்பேர் செய்ய முடியாது.

என் தவறு வேறு இடத்தில் இருந்தது. பச்சை விளக்கு சீக்கிரம் எரிய வேண்டும் என்று டைம் கான்ஸ்டன்டை, அதாவது ஜிபிஎஸ்ஸைப் பார்த்துப் பெட்டி தன்னைத் திருத்திக்கொள்ள எடுக்கும் கால அளவை, 5 நிமிடத்துக்கு வைத்திருந்தேன்.

ரூபிடியம்-87 அணு நொடிக்கு 683 கோடியே 46 லட்சத்துச் சொச்சம் அதிர்வில் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் பெட்டி 10 மெகாஹெர்ட்ஸ் தருகிறது. ஒரு நாளைக்குள் அது பெரிதாக விலகாது. மாதக்கணக்கில்தான் மெல்ல நகரும். ஜிபிஎஸ் நேர் எதிர்: வருடக்கணக்கில் சரி, ஆனால் நொடிக்கு நொடி வரும் துடிப்பு 20 நானோசெகண்ட் அளவுக்கு முன்பின் ஆடலாம் (நானோசெகண்ட் என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). ஒரே நொடியில் பார்த்தால் அது ஐந்து கோடியில் ஒரு பங்கு பிழை. 10,000 நொடி பொறுத்துச் சராசரி எடுத்தால் ஐம்பதாயிரம் கோடியில் ஒரு பங்கு. நிதானமாக ஓட்டுபவனின் ஸ்டியரிங்கைப் பக்கத்து சீட்டுக்காரன் இழுத்துக்கொண்டே இருப்பதுபோல, நான் நல்ல கடிகாரத்துக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

சிக்னல் அறுந்தால் பெட்டி கடைசியாகக் கற்றதை வைத்துத்தான் ஓடும். அந்த அதிர்வெண்ணில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு பிழை இருந்தால் ஒரு நாளைக்கு 8.6 மைக்ரோசெகண்ட் விலகல் (மைக்ரோசெகண்ட் என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). செல்போன் டவர்கள் தாங்குவது 1.5 மைக்ரோசெகண்ட், நாலு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிழை அதில் பத்தில் ஒன்றானால் ஒன்றரை நாளுக்கு மேல் தாங்கும். ஐப்பசி, கார்த்திகைப் புயலில் ஆன்டெனா சாயும் ஊரில் இது சின்ன வித்தியாசமா?

சாட்டிலைட் சொல்வதை அப்படியே நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2016 ஜனவரி 26 அன்று சில ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் 13 மைக்ரோசெகண்ட் தவறான திருத்தத்தை அனுப்பின. கேட்டவுடன் கீழ்ப்படிந்த கருவிகள் தாவின. நிதானமாகத் திருத்தி, திடீர்த் தாவலைச் சந்தேகப்படும்படி அமைத்தவை தப்பின. (மேலே இருப்பவற்றிலும் ரூபிடியம் உண்டு. 2023 மே 29 அன்று நம் வழிகாட்டு சாட்டிலைட் என்விஎஸ்-01 சுமந்து போனது உள்நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம்.)

டைம் கான்ஸ்டன்டை மணிக்கணக்குக்கு ஏற்றினேன். சிக்னல் பலம் குறைந்த சாட்டிலைட்டைக் கணக்கில் சேர்க்காதே, எல்லாம் குறைந்தால் ஹோல்ட்ஓவருக்குப் போ, அதாவது ஜிபிஎஸ்ஸைக் கேட்காமல் கற்றதை வைத்தே ஓடு என்று அமைத்தேன். ஏசி காற்று நேரே பெட்டியில் அடித்ததையும் திருப்பிவிட்டேன். சூடு மாறினாலும் ரூபிடியம் நகரும். 30 மீட்டர் கேபிளின் தாமதம், ஏறக்குறைய 150 நானோசெகண்ட், அதையும் பதிந்தேன்.

புரட்டாசியில் வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார். "தம்பி, எட்டு மணிக்கு மஞ்சள் லைட் எரியுது. அலாரம் இல்ல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணவா?"

"ஐயோ வேண்டாம்ணே, தொடாதீங்க. தானா பச்சைக்கு வரும்."

பதினொன்றரைக்கு வந்ததாம்.